பாரம் ஏறினால்தான் தெரியும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

'சிக்கனம்' என்ற சொல்லை நாம் மேடையில் கேட்டிருக்கிறோம். பேச்சுப் போட்டியில் அதைப் பற்றிப் பேசிப் பரிசும் பெற்றிருக்கிறோம். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் தந்தை தம் பழைய மோட்டார் சைக்கிளின் டாங்கி மூடியைத் திறந்து, வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டி, உள்ளே பெட்ரோல் அலம்பும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பார். "இன்னும் ரெண்டு நாளைக்கு வரும்" என்பார். சரியாக இரண்டு நாளைக்கு வரும்.

அவர் நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. பழுப்பு நிலக்கரியைச் சுமந்து வரும் கன்வேயர் பெல்ட்டுகளின் அடியில் சிந்திக் கிடக்கும் கரியையும் மண்ணையும் அள்ளுவது அவருடைய வேலை. நகரியத்தின் எல்லையை ஒட்டிய வாடகை வீட்டில் வாழ்கிறோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். 2021-ஆம் ஆண்டில் பெட்ரோல் விலை லிட்டருக்கு நூறு ரூபாயைத் தாண்டியபோது நான் பள்ளி மாணவன். அன்று முதல் அப்பா பெட்ரோல் பங்க்கில் 'நூறு ரூபாய்க்கு' என்று கேட்பதை நிறுத்திவிட்டு 'ஒரு லிட்டர்' என்று கேட்கத் தொடங்கினார். "ரூபா ஏமாத்தும், லிட்டர் ஏமாத்தாது" என்பது அவர் கட்சி.

கணக்கேடு பிறந்த கதை

முதலாம் ஆண்டு செய்முறை வகுப்பில், ஓர் அளவை ஒரு முறை எடுத்தால் போதாது, பலமுறை எடுத்துச் சராசரி காண வேண்டும் என்று ஆசிரியர் சொல்லித் தந்தார். அன்று மாலையே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முறை எளிது. டாங்கியின் கழுத்தில் ஒரு குறிப்பிட்ட விளிம்பு வரை பெட்ரோலை நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வது. சில நாள் ஓட்டிய பின் அதே பங்க்கில், வண்டியை அதே போல் நிறுத்தி, அதே விளிம்பு வரை நிரப்புவது. ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் விடை வந்துவிடும்.

ஓராண்டுக் கணக்கில் நான் கண்டவை இவை: அப்பா தனியாகச் சென்றால் லிட்டருக்குச் சராசரி 61 கிலோமீட்டர். நானும் பின்னால் ஏறினால் 55.

இதில் எனக்கு ஒரு வியப்பு. வண்டி சுமார் 110 கிலோ. அப்பா 60 கிலோ. நான் 55 கிலோ. நான் ஏறியதும் மொத்தப் பாரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. ஆனால், பெட்ரோல் செலவோ பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. காரணம் இதுதான்: சமதளத்தில் சீரான வேகத்தில் ஓடும் வண்டியை இரண்டு எதிரிகள் பின்னுக்கு இழுக்கிறார்கள். ஒருவன் தரை, மற்றவன் காற்று. டயர் தரையில் நசுங்கி உருளுவதால் வரும் தடை எடைக்கு ஏற்பக் கூடும். காற்றின் தடைக்கோ எடையைப் பற்றிக் கவலையில்லை. அது வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடுவது. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் 70-க்கு முறுக்கினால் காற்றுத் தடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். எனவே பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு நிதானமாகச் செல்பவரைவிட, தனியாக விரைந்து செல்பவர் பெட்ரோலை அதிகம் குடிக்க வைக்கக்கூடும்.

ஆள் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவு. ஒருவர் சென்றால் ஒரு லிட்டருக்கு 61 கிலோமீட்டர். இருவர் சென்றால் ஆளுக்கு 55 ஆக 110. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் ஓடும் பேருந்தோ 250! நம்மைக் கல்லூரிக்குக் கொண்டுவரும் பேருந்தைப் பார்த்து யாரும் இனி முகம் சுளிக்க வேண்டாம். இருவருக்கு மேல் ஏற்றினால் இன்னும் ஆதாயம்தானே என்று யாரும் கணக்குப் போடவும் வேண்டாம். ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. சிறுவயதில் நாங்கள் நால்வரும் அந்த ஒரே வண்டியில் கோயிலுக்குப் போனதை இன்று நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது.

நம் ஊருக்கு ஏற்ற ஒரு கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் வெப்பம் சுமார் 7,800 கிலோ கலோரி. நெய்வேலி பழுப்பு நிலக்கரியில் கிலோவுக்குச் சுமார் 2,600. தோண்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம் அல்லவா? ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் மூன்று கிலோ கரிக்குச் சமம். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "மூணு கிலோவா? ஒரு சட்டி கூட ஆகாதே!" என்று சிரித்தார். அதன்பின் டாங்கியை இன்னும் மரியாதையோடு மூடினார் என்று எனக்குத் தோன்றியது.

கும்பகோணப் பயணம்

கடந்த வைகாசியில் அக்காவுக்கு வளைகாப்பு. அவளைக் கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் கொடுத்திருக்கிறோம். அம்மாவும் அத்தைமாரும் முதல் நாளே பேருந்தில் போய்விட்டார்கள். சீர்ப் பொருள்களோடு நானும் அப்பாவும் வண்டியில் செல்வதென்று முடிவாயிற்று. வெண்கலப் பானை, தூக்கு நிறைய அதிரசமும் முறுக்கும், முந்திரிப் பருப்பு, ஒரு சிப்பம் அரிசி, பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று. மளிகைக் கடைத் தராசில் வைத்தேன். 35 கிலோ காட்டியது.

அன்றிரவு நான் என் படிப்பைக் காட்டத் தொடங்கினேன். பாரம் கூடினால் இயக்க ஆற்றல் கூடும். ஆதலால் வண்டியை நிறுத்தப் பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும். இப்படி எண்ணிப் பின்சக்கரப் பிரேக் கம்பியின் நட்டை இரண்டு சுற்று இறுக்கினேன். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். தடையின்றிச் சுழன்றது. மன நிறைவோடு படுத்தேன்.

விடியற்காலையில் புறப்பட்டோம். வடலூர், சேத்தியாத்தோப்பு கடந்து மீன்சுருட்டி வழியாகப் பாதை. வழியில் ஒரு மேம்பாலத்தின் உச்சியை அடைந்ததும் அப்பா வழக்கம் போல் எஞ்சினை அணைத்துவிட்டார். இறக்கத்தில் வண்டி தானாக ஓடுமே, பெட்ரோல் எதற்கு என்பது அவர் எண்ணம். தனியாகச் செல்கையில் அது எப்படியோ, 260 கிலோ கீழ்நோக்கி ஓடும்போது என் வயிறு கலங்கியது. முன்னால் சென்ற லாரி திடீரென்று வேகத்தைக் குறைத்தது. எஞ்சின் பிடிப்பும் இல்லை. அப்பா இரு பிரேக்கையும் அழுத்தினார். பலாப்பழம் என் மடியிலிருந்து அவர் முதுகில் மோதியது. லாரிக்கு ஒரு முழம் இருக்கையில் வண்டி நின்றது. இருவரும் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

அணைக்கரையில் கொள்ளிடத்தைக் கடக்கும்போது அப்பா, "வண்டி என்னமோ கனமா இழுக்குது தம்பி" என்றார். "பாரம் அப்படித்தான் இருக்கும்ப்பா" என்றேன், எல்லாம் தெரிந்தவன் போல.

கும்பகோணத்துப் பங்க்கில் நிரப்பினோம். ஓடிய தூரம் 82 கிலோமீட்டர். குடித்த பெட்ரோல் 1.8 லிட்டர். லிட்டருக்கு 45 தான்! நான் நோட்டை எடுத்துக்கொண்டு காரணங்களை அடுக்கினேன். எதிர்க்காற்று, பக்கவாட்டில் துருத்திய பைகள், 2025-ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவிய 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் அதே பெட்ரோலில்தானே நேற்றுவரை 55 வந்தது? விடை கிடைக்கவில்லை.

அப்பா என் நோட்டைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்தார். புறங்கையைப் பின்சக்கரத்தின் பிரேக் டிரம்முக்கு அருகே கொண்டு சென்று சட்டென்று இழுத்துக்கொண்டார். குடிநீர்ப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். சுர்ரென்று ஆவியாயிற்று.

"பிரேக்கைத் தொட்டியா?"

"இறுக்கினேன்ப்பா. ஆனா சக்கரம் லேசாத்தான் சுத்துச்சு."

"சும்மா சுத்தினா லேசாத்தான்டா சுத்தும். பாரம் ஏறினாத்தான் எது புடிக்குதுன்னு தெரியும்."

கன்வேயரில் பெல்ட்டைத் தாங்கும் ரோலர்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று சுற்றாமல் நின்றுவிட்டால் பெல்ட் அதன் மேல் உராய்ந்து சூடேறும். கரித்தூள் படிந்த இடத்தில் அந்தச் சூடு தீயாகவும் மாறும். ஓடுகிற பெல்ட்டின் ஓசையிலும் முகத்தில் படும் சூட்டிலும் நின்ற ரோலரைக் கண்டுகொள்வது அப்பாவின் பல்லாண்டுப் பழக்கம். ஆற்றல் அழியாது, வெப்பமாக மாறும் என்பதை நான் பாடநூலில் எழுதி மதிப்பெண் வாங்கினேன். அவர் அதைப் புறங்கையில் படித்திருந்தார்.

பிறகுதான் எனக்கு விளங்கியது. பிரேக் மிதி வண்டியின் சட்டத்தோடு இருக்கிறது. டிரம் சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடுகிறது. இரண்டையும் இணைப்பது அந்தக் கம்பி. நடு ஸ்டாண்டில் ஸ்பிரிங் நீண்டிருக்கும், கம்பி தளர்ந்திருக்கும். இரண்டு ஆளும் 35 கிலோ சுமையும் ஏறியதும் ஸ்பிரிங் அமுங்கியது. கம்பி இழுபட்டது. நான் இறுக்கிய நட்டு, மிதியில் சற்றும் தளர்வு விடாததால் பிரேக் கட்டை டிரம்மை உரசத் தொடங்கிற்று. வழியெல்லாம் அப்பா முறுக்கி ஓட்ட, நான் இறுக்கிய பிரேக் பிடித்து நிறுத்த, நடுவில் பெட்ரோல் வெந்தது. அந்தச் சூட்டிலேயே பிரேக் பிடிப்பிழந்திருந்தால் பாலத்தில் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவே அஞ்சுகிறேன்.

திரும்பும் வழியில்

நட்டைத் தளர்த்தினோம். இருவரும் ஏறி அமர்ந்த நிலையில் மிதியில் தளர்வு இருக்கிறதா என்று பார்த்தோம். செயின் தளர்வையும் அப்படியே பார்த்தோம். பின் டயருக்கு, இருவர் செல்லும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்று வண்டியில் ஒட்டியிருந்த அளவைப் படித்து அதன்படி அடித்தோம். சம்பந்தி வீட்டார் கொடுத்த 20 கிலோ நெல்லரிசியைப் பக்கத்தில் தொங்கவிடாமல் எங்கள் இருவருக்கும் இடையில், தாழ்வாகக் கட்டினோம். வேகம் ஐம்பதைத் தாண்டவில்லை. வீடு வந்து நிரப்பியபோது அதே 82 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர். லிட்டருக்கு ஏறத்தாழ 55.

மிச்சம் 300 மில்லி லிட்டர். முப்பது ரூபாய்க்கு மேல். இதில் பிரேக்கின் பங்கு எவ்வளவு, குறைந்த சுமையின் பங்கு எவ்வளவு, டயர்க் காற்றின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. பலவற்றை ஒரே நேரத்தில் மாற்றிவிட்டுக் காரணம் சொல்லக் கூடாது என்று நம் ஆசிரியர்கள் கண்டிப்பார்கள். கண்டிக்கட்டும், அது நியாயமே.

மேம்பாலம் வந்தபோது அப்பாவின் கை சாவியை நோக்கிப் போயிற்று. "வேணாம்ப்பா" என்றேன். இறக்கம் முழுதும் எஞ்சினை அணைத்தாலும் மிச்சமாவது ஒரு மில்லி லிட்டர்கூட இராது என்று முன்னிரவே கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தேன். மாறாக, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் சுமை வண்டியை ஒரு முறை முழுதாக நிறுத்திவிட்டு மீண்டும் அதே வேகத்துக்குக் கொண்டுவர நான்கு மில்லி லிட்டர் வேண்டும். முன்னால் செல்லும் வண்டிக்கு இடம்விட்டு, தொலைவிலேயே கைப்பிடியைத் தளர்த்தி, நிற்காமல் சென்றால் அதுதான் உண்மையான மிச்சம். அப்பா கையை எடுத்துக்கொண்டார். பிரேக்கில் அவர் சொன்னதை நான் ஏற்றேன். பாலத்தில் நான் சொன்னதை அவர் ஏற்றார்.

நண்பர்களே! முப்பது ரூபாய் பெரிய தொகையன்று. ஆனால் நான் வாங்கும் ஒவ்வொரு ரெக்கார்டு நோட்டும், கட்டும் ஒவ்வொரு தேர்வுக் கட்டணமும் டாங்கியை ஆட்டிக் காது கொடுத்துக் கேட்ட ஒருவர் மிச்சம் பிடித்ததிலிருந்து வந்தவை. அந்தப் பெட்ரோலை, அவருக்கு உதவுவதாக எண்ணி, ஒரு நாள் நானே வீணாக்கினேன். நடு ஸ்டாண்டில் நின்றபடி எளிதாகச் சுழன்ற என் அறிவு, பாரம் ஏறியதும் எங்கே பிடிக்கிறது என்பதை அவர்தான் தொட்டுக் காட்டினார்.

இப்போதெல்லாம் பெட்ரோல் நிரப்பிய மாலைகளில் அப்பாவே, "எவ்வளவு குடுத்துது?" என்று கேட்கிறார். கணக்கேட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம் போட்டிருக்கிறேன். சென்ற வாரம் இருவரும் விருத்தாசலம் போய் வந்தோம், 57 வந்தது. குறிப்பில் என்ன எழுதுவது என்று அவரிடம் கேட்டேன். சற்று யோசித்துச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதினேன்:

"ரோலர் எல்லாம் நல்லா சுத்துது."