ஓர் இரவுக்கு ஓர் அறை

அடுத்த மாதம் பதினாலாந் திகதி காலை ஏழு மணிக்கு இளைய மகனைப் பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரும்படி கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறார்கள். ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டுமானால், கல்முனைக்குத் தெற்கே ஒரு மூலையில் கிடக்கும் நாங்கள் முதல்நாளே கொழும்பில் இறங்கிவிட வேண்டும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேலான றோட்டு. ஆகவே ஓர் இரவு எங்காவது தலை சாய்க்க வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு கிழமையாக இதுதான் பேச்சு.

இம்முறை நோயாளியோடு மட்டும் போகிற பயணமல்ல. மகன் பிறந்த கையோடு இருதயத்தில் ஓட்டை இருப்பதாகச் சொன்னார்கள். இப்போது ஆறு வயது. அல்ஹம்துலில்லாஹ், மதிலேறிக் குதிக்கிறான். டொக்டர் வருடத்துக்கொரு முறை பார்த்துத் தலையில் தட்டி அனுப்பிவிடுகிறார். அந்தத் தைரியத்தில், கிளினிக் முடிந்ததும் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையையும் காட்டுவதாக வாய்விட்டுவிட்டேன். அதைக் கேட்டு உம்மாவும் வருவதாகச் சொன்னா. மனைவியின் தங்கை குடும்பமும் சேர்ந்துகொண்டது. டொல்பின் வானில் சாரதியோடு பதினொரு பேர். ஒரு சீற்றும் மிச்சமில்லை.

வாத்தியார் வேலை செய்பவனுக்கு எதையும் எழுதிப் பார்க்காமல் முடியாது. சீ.ஆர். கொப்பியொன்றில் கோடு போட்டுத் திட்டம் எழுதினேன். முதலில் பாதை. அம்பாறை, மஹியங்கனை, கண்டி வழியே போனால் தூரம் குறைவு. ஆனால் மஹியங்கனைக்கு அப்பால் பதினெட்டு வளைவு இருக்கிறது. போன தடவை மூன்றாவது வளைவிலேயே உம்மா பையைக் கேட்டா. மட்டக்களப்பு, பொலன்னறுவை, ஹபரணை, குருணாகல் வழி சுற்றென்றாலும் றோட்டு நேர். கதுருவெலயில் எங்கட ஆக்களின் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு, பள்ளியும் உண்டு. ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுது, சோறும் தின்று விட்டுப் புறப்படலாம். மின்னேரிக் காட்டை யானை இறங்குவதற்கு முன் தாண்ட வேண்டும். ஆகவே வீட்டிலிருந்து சுபஹோடு கிளம்புவது. இவ்வளவும் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சம் ஐந்து பக்கமும் தங்குமிடத்துக்குத்தான் போயிற்று.

முன்பெல்லாம் கொழும்பில் தங்குவதற்குத் திட்டம் என்று ஒன்று தேவைப்பட்டதில்லை. வாப்பா மட்டக்களப்பில் இரவு றெயின் ஏறினால் விடியப் புறக்கோட்டையில் நிற்பார். தங்கவேண்டி வந்தால் தெமட்டகொடையிலோ மாளிகாவத்தையிலோ சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். ஒரு பை நெல்லரிசியும் இரண்டு தயிர்ச் சட்டியும் கொண்டு போனால் போதும்; நடையில் பாய் விரித்துவிடுவார்கள். இப்போது அந்தச் சொந்தங்களெல்லாம் மாடிக் குடியிருப்புகளில். அவர்களுக்கே கால் நீட்ட இடமில்லாத வீட்டில் பதினொரு பேரோடு போய் நிற்க மனம் வருமா?

ஹோட்டல் என்றால் எங்கள் பக்கத்தில் கொத்துறொட்டி அடிக்கும் இடம். தங்குகிற இடம் லொட்ஜ். அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டுப் பெண்கள் முகஞ் சுளிப்பார்கள். கெஸ்ட் ஹவுஸ் என்றால் பரவாயில்லையாம். சரி, கெஸ்ட் ஹவுஸ் என்றே எழுதினேன். உம்மாவின் முழங்காலுக்கு ஏற்றபடி கீழ்த்தட்டு அறை, இருந்தெழும்பக்கூடிய கக்கூஸ். குடிவகை புழங்காத இடம். வுளுச் செய்ய வாளியும் கோப்பையும். வான் நிறுத்த முற்றம், சாரதி தூங்க ஒரு மூலை. சாரதியை வானுக்குள் படுக்கவிட்டு மறுநாள் அவன் கையில் பதினொரு உயிரைக் கொடுப்பது மடத்தனம். வைத்தியசாலைக்கு நடந்து போகும் தூரம். பெண்களுக்கொரு அறை, ஆண்களுக்கொரு அறை. பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதியும் இரண்டிரண்டு.

கொப்பியும் கையுமாகப் போன வெள்ளிக்கிழமை ஒவ்வோர் இடமாகப் போன் எடுத்தேன். எனக்கு வருகிற சிங்களம் ஆசிரியர் கலாசாலையில் பாடமாக்கிய சிங்களம். மறுமுனையில் "ஹலோ" என்ற குரல் கேட்டதும், அறை இருக்கிறதா என்று கேட்கமாட்டேன். என் முழுப் பெயரையும் சொல்லி, "அப்பி கல்முனே இந்தலா என்னே" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவேன். அதற்குப் பிறகுதான் அறை, விலை எல்லாம்.

மூன்றாவது இடத்தோடு பேசி முடித்ததும் மூத்த மகள் கேட்டாள். பதினைந்து வயது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். என்னைவிட நன்றாகச் சிங்களம் பேசுவாள்.

"வாப்பா, எல்லாரும் முதல்ல றூம் இரிக்கா எண்டுதானே கேப்பாங்க. நீங்க என்னத்துக்குப் பேரையும் ஊரையும் முதல்ல சொல்லுறீங்க?"

"அது மரியாத மகள்."

அவள் சிரிக்கவில்லை. "சாவியெல்லாம் தொங்கிக்கிட்டுத்தானே இருந்திச்சி, வாப்பா" என்றாள்.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசி. இதே மகன் ஐந்து மாதக் குழந்தை. மறுநாள் காலை அவனை அதே வைத்தியசாலையில் காட்டவேண்டும். ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் பெரிய ஹோட்டல்களிலும் குண்டு வெடித்து இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டுபோன இரண்டாவது மாதம் அது. 26ஆம் திகதி இரவு எங்களுக்குப் பக்கத்தில் சாய்ந்தமருதுவிலேயே வெடித்தது. எங்கள் வீட்டு யன்னல் அதிர்ந்தது. 29ஆம் திகதி முகம் மூடுவதைத் தடைசெய்தார்கள். மே மாத நடுவில் குருணாகல் பக்கத்து ஊர்களிலும் மினுவாங்கொடையிலும் எங்கட ஆக்களின் கடைகளும் பள்ளிகளும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்தது. அப்படியொரு காலத்தில்தான் நாங்கள் மூன்று இடத்தில் சோதனைக்கு இறங்கி ஏறி, இரவு ஒன்பதரைக்குப் பொரளைக்கு வந்து சேர்ந்தோம்.

போனில் பேசி ஒழுங்கு செய்திருந்த இடந்தான். பெயர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மேசையிலிருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். பேரேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அடையாள அட்டையைக் கேட்டார். முன்புறம் பார்த்தார். திருப்பி முகவரியைப் பார்த்தார். வாசலில் முந்தானையால் குழந்தையைப் போர்த்தியபடி நின்ற மனைவியைப் பார்த்தார். உள்ளே போய் யாருடனோ பேசிவிட்டு வந்து, "சொரி மாஸ்டர், எல்லா அறையும் நிரம்பிவிட்டது" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பலகையில் சாவிகள் தொங்கின. எண்ணினேன். எதையும் எண்ணிப் பார்ப்பது என் தொழில் கோளாறு. ஏழு சாவி.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரிடம் கோபித்துக்கொள்ளவும் அன்று என்னால் முடியவில்லை. அவருக்கும் பயம். எனக்கும் பயம். வேறு இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு, வைத்தியசாலை மதிலோரமாக வானை நிறுத்தினோம். ஊரில் கடற்காற்றில் வளர்ந்த குழந்தைக்கு வானுக்குள் மூச்சு வாங்கியது. பதினொரு மணியளவில் வாசற் காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார். வெளியேறச் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். வயதான சிங்கள மனிதர். குழந்தையைப் பார்த்துவிட்டு, பெண்ணையும் பிள்ளைகளையும் உள்ளே வரச்சொல்லி வெளிநோயாளர் பகுதியில் ஒரு நீட்டு வாங்கைக் காட்டினார். நுளம்புத்திரியும் கொண்டுவந்து கொளுத்தி வைத்தார். இரவு முழுவதும் என் மனைவி அந்த வாங்கில் இருந்தாள். அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். அந்த வெட்கம் இன்றும் உண்டு.

அன்று மகளுக்கு ஒன்பது வயது. அந்த மேசைக்கு முன்னால் அவள் என் தோளில் தூங்கிக் கிடந்தாள் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

அன்றிலிருந்து வந்த பழக்கம் இது. மாட்டேன் என்று சொல்வதானால் போனிலேயே சொல்லட்டும், வாசலில் பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம் என்ற கணக்கு. 2019க்குப் பிறகு பலமுறை பொரளையில் தங்கியிருக்கிறேன். பெயரைச் சொன்ன பிறகும் "என்ன, என்ன" என்று அன்பாகக் கூப்பிட்டவர்களே அதிகம். இருந்தும் அந்தச் சிறு நிறுத்தத்தில் நெஞ்சு ஒருமுறை அடித்துவிட்டுத்தான் அமைதியாகிறது.

நான் வரலாறு படிப்பிப்பவன். இப்னு பதூதா 1344இல் இந்தத் தீவுக்கு வந்தபோது, யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தி பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்துப் பாவாதமலைக்கு அனுப்பி வைத்தான். கூடப் போனவர்களில் பிராமணர்களும் யோகிகளும் இருந்தார்கள். வேற்று மார்க்கத்து ஆக்கள் இங்கே முஸ்லிம்களை வீட்டில் தங்கவைத்து உபசரிக்கிறார்கள் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்கே குரல் உயரும். ஆனால் மகள் சாவியைப் பற்றிச் சொன்ன அன்று இரவு எனக்கு நினைவு வந்தது இப்னு பதூதா அல்ல. நானும் ஒருமுறை "இடமில்லை" என்று சொல்லியிருக்கிறேன்.

2007ஆம் ஆண்டு. மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் ஒரு பயிற்சி நெறிக்காகப் போயிருந்தேன். பொரளையில் கனத்தை மயானத்துக்குக் கிட்ட, வாப்பாவின் சொந்தக்காரர் ஒருவரின் வீட்டுப் பின்புறத்தில் ஓர் அறை. 1983 ஜூலை 24ஆம் திகதி கலவரம் தொடங்கிய அதே கனத்தை. அறையில் இரண்டு கட்டில்; ஒன்று சும்மா கிடந்தது. என்னோடு கலாசாலையில் ஒரே அறையில் இரண்டு வருடம் படித்தவன் களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தமிழன். 1990க்குப் பிறகு எங்கள் ஊருக்கும் அவன் ஊருக்கும் இடையில் பஸ் ஓடினாலும் பேச்சு ஓடாத வருடங்கள் இருந்தன. நாங்கள் இருவரும் அதைத் தாண்டியவர்கள் என்று எங்களுக்குள் ஒரு பெருமை. நோன்பு காலத்தில் ஸஹருக்கு என்னை எழுப்பிவிடுவது அவன்தான்.

கடவுச்சீட்டு அலுவலாக வந்து வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்தான். சோதனைகள் கூடியிருந்த நேரம். போன் எடுத்தான்.

"மச்சான், இங்க ராவு ராவா வந்து கேள்வி கேக்கிறாங்கள். ரெண்டு நாளைக்கு உன்னோட வந்து நிக்கலாமா?"

"இங்க இடமில்ல மச்சான். வீட்டுக்காரரும் ஒருமாதிரி."

வீட்டுக்காரரிடம் நான் கேட்கவேயில்லை. வீட்டில் புதிதாக யார் தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டியிருந்தது. பதிவில் அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர் வருவதை நான் விரும்பவில்லை. அவ்வளவுதான். "சரி மச்சான், பரவாயில்ல" என்று வைத்துவிட்டான்.

அது ஜூன் 5ஆம் திகதி. 7ஆம் திகதி விடிவதற்கு முன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பக்கத்து லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர்களை எழுப்பி, பஸ்களில் ஏற்றி, வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பிறகு பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தமும் தெரிவித்தார். செய்தியை வானொலியில் கேட்டபோது நான் அந்தச் சும்மா கிடந்த கட்டிலில் உட்கார்ந்து சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். மட்டக்களப்புக்குப் போன பஸ்ஸில் அவனும் இருந்தான்.

பதினெட்டு வருடத்தில் அவன் அதைப்பற்றி ஒரு சொல் பேசியதில்லை. மகனின் இருதய விஷயம் கேள்விப்பட்டு வந்து, ஒரு தார் வாழைக்குலையை விறாந்தையில் வைத்துவிட்டுப் போனவன். நான் கேட்டுப் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியுமோ என்னவோ. மகளுக்கும் இதை நான் சொல்லவில்லை. சாவியை எண்ணியது வாப்பா மட்டுமல்ல என்று தெரிந்த பிறகு, சொல்வதற்கு வாய் வரவில்லை. இந்தச் சஞ்சிகை வீட்டுக்கு வந்தால் முதலில் பிரிப்பவள் அவள்தான்.

நாலாவது இடத்துக்கு மகளே போன் எடுத்தாள். "காமர தெகக் தியெனவாத?" என்று நேரே கேட்டாள். இருக்கிறதாம். விலை பேசினாள், கீழ்த்தட்டைக் கேட்டாள், வான் நிறுத்தக் கேட்டாள். கடைசியில் பெயர் கேட்டபோதுதான் என் பெயரைச் சொன்னாள். மறுமுனையில் ஒரு நிறுத்தமும் இல்லை போலும். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார்களாம். எனக்குத்தான் உள்ளங்கை வியர்த்தது.

நேற்று மஃரிபுக்குப் பிறகு நண்பன் போன் எடுத்தான். அவனுக்கும் சீனி கூடிக் கண்ணில் கோளாறு. கொழும்புக் கண் வைத்தியசாலையில் பதினாலாந் திகதிதான் துண்டு கிடைத்திருக்கிறதாம்.

"நீங்க வானில வாறதாக் கேள்விப்பட்டன். ஒரு சீற் இரிக்கா மச்சான்? ராவைக்கு நான் எங்கயாவது பாத்துக்குவன்."

"இரிக்கி" என்றேன். "ராவைக்கும் இரிக்கி. எங்களோடதான்."

போனை வைத்தபிறகு கொப்பியை எடுத்து எண்ணினேன். பன்னிரண்டு. சின்னவனை யாராவது மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் அறையில் ஒரு மெத்தை கூடப் போடச்சொல்ல வேண்டும். மகளைக் கூப்பிட்டு, அந்த இடத்துக்குத் திரும்பவும் போன் எடுத்து இன்னொரு பெயரும் சேர்க்கச் சொன்னேன்.

"யார்ர பேர் வாப்பா?" என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.