ஆழ்கடலின் இருளில் ஒரு தாய்

அமெரிக்காவின் கலிபோர்னியக் கரைக்கு அப்பால், மான்டெரே கடற்பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 1,400 மீட்டர் ஆழத்தில் ஒரு பாறை உள்ளது. பகலவனின் ஒளி எட்டாத இடம். நீரின் வெப்பம் 3 டிகிரி அளவே. 2007 மே மாதம், ஆளில்லா நீர்மூழ்கிக் கலத்தை அனுப்பிய ஆய்வாளர்கள், அப்பாறையில் ஒரு பெண் எண்காலி தன் முட்டைகளை அணைத்திருக்கக் கண்டனர். கிரேனிலிடோன் போரியோபசிஃபிகா என்பது அவ்வினத்தின் பெயர். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்றழைப்பதன் உறவினம். அடுத்த நான்கரை ஆண்டுகளில் 18 முறை அங்கு சென்றனர். அதே எண்காலி, அதே முட்டைகள். உடலிலிருந்த தழும்புகளே அதற்கு அடையாளம்.

அந்நூர் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் ஆழ்கடலின் அடுக்கடுக்கான இருளைக் குறிப்பிடுகிறது. அதனைக் கடலியல் பாடமாக விளக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. இறைமறுப்பாளரின் செயல்களுக்குக் கூறப்பட்ட உவமை அது. ஆயினும் அவ்வசனத்தை ஓதும்போது, அவ்விருளில் காத்திருந்த அத்தாய் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க இயலவில்லை.

மதரஸா மாணவர்களிடம் இதனைக் கூறியபோது எழுந்த முதல் வினா, "ஹஜ்ரத், அதைச் சாப்பிடலாமா?" என்பதே. ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் கருத்து வேறுபாட்டைச் சொல்லி முடிப்பதற்குள் பாதி நேரம் கழிந்தது. பின்னர், சென்ற ஆண்டு தாயை இழந்த சிறுவன் ஒருவன் மெல்லக் கேட்டான்: "அதுக்கு யாருமே சாப்பாடு கொடுக்கலையா?"

கொடுத்தார்கள். கலத்தின் இயந்திரக் கரத்தால் நண்டுத் துண்டுகளை நீட்டினர், அது ஏற்கவில்லை. அருகே வந்த நண்டுகளையும் உண்ணாமல் தள்ளிவிட்டது. முட்டைகள்மீது வண்டல் படியாமலும், புதுநீர் பாய்ந்துகொண்டும் இருக்க வேண்டும். குளிரில் கருவும் மிக மெதுவாகவே வளரும். வெளிர் ஊதா நிற உடல் வெளுத்தது. தோல் தளர்ந்தது. கண்கள் மங்கின. அது உணவருந்தியதை ஒருமுறைகூட அவர்கள் காணவில்லை.

"எங்க உம்மாவும் நாங்க சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவாங்க" என்றான் அவன். அவனை அருகழைத்து அமர்த்திக்கொண்டேன். மறுமொழி கூற நா எழவில்லை.

"குஞ்சு பொரிச்சுதா?" என்றான் மற்றொருவன்.

2011 செப்டம்பரில் அது கடைசியாகக் காணப்பட்டது. மொத்தம் 53 மாதங்கள். எந்த உயிரினமும் இத்தனை காலம் அடைகாத்ததாக அதற்குமுன் பதிவில்லை. அக்டோபரில் சென்றபோது பாறையில் ஏறத்தாழ 160 வெற்று முட்டையுறைகள் கிழிந்து தொங்கின. இவ்வினத்தின் குஞ்சுகள் பிறக்கும்போதே தாமாக இரைதேடும் அளவுக்கு வளர்ந்திருக்கும். தாய் அங்கு இல்லை.