எந்த நேரத்தில் எரிகிறது?

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்கு மனநல ஆலோசனை தருவது என் தொழில். "அல்சருங்க. மாத்திரை போட்டா ஆறுது, விட்டா திரும்ப வந்துருது. டென்ஷனைக் குறைக்கோணும்னு டாக்டர் அனுப்பிச்சாருங்க" என்று வருகிறவர்களிடம் மனதைப் பற்றி நான் முதலில் கேட்பதில்லை. கிருமிப் பரிசோதனை ஆயிற்றா, உடம்பு வலிக்கு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்பவைதான் முதல் கேள்விகள்.

வயிற்றுப்புண் கவலையால் வருவது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல், புண்ணுக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தெடுத்தார்கள். 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டிருப்பவருக்கு மூச்சுப்பயிற்சி மட்டும் சொல்லி அனுப்புவது அநியாயம். ஆன்டிபயாடிக்கை எழுதிக்கொடுத்த நாள் வரை முழுதாகச் சாப்பிட வேண்டும். முடித்து நான்கு வாரமாவது கழித்து, கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். எரிச்சல் நின்றதும் பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இதனால் மனதுக்கு இதில் பங்கில்லை என்று ஆகிவிடாது. 1995இல் ஜப்பானின் கோபே பகுதி நிலநடுக்கத்துக்குப் பிறகு, ரத்தம் கசியும் வயிற்றுப்புண்கள் அங்கே கூடின. டென்மார்க்கில் பல ஆண்டுகள் தொடர்ந்து, 2015இல் வெளியான ஆய்வு, கிருமி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மன அழுத்தம் மிகுந்தவர்களுக்குப் புண் அதிகம் வருவதைக் காட்டியது. அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு புகை, வலி மாத்திரை போன்ற பழக்கங்களின் வழியாகவே வயிற்றைத் தொடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. என் வேலை அந்த வழிகளில்தான்.

ஒரு சின்ன நோட்டு போடச் சொல்வேன். எந்த நேரத்தில் எரிந்தது, கடைசியாக என்ன சாப்பிட்டீர்கள், அப்போது லைனில் என்ன நடந்துகொண்டிருந்தது, என்ன மாத்திரை போட்டீர்கள். நோட்டு நிறையும்போது ஷிப்மெண்ட் வாரம் தானாகவே தெரிந்துவிடும். ஒன்றரை ஷிப்ட், சோற்றுக்குப் பதிலாக டீயும் பன்னும், இடுப்பு வலிக்கு வெறும் வயிற்றில் டைக்ளோஃபெனாக், தூக்கம் வராத இரவில் சிகரெட். "கவலைப்படாதீங்க" என்ற வார்த்தையால் இவற்றில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. எந்தப் பழக்கத்தை முதலில் தொடுவது என்று அவரும் நானும் சேர்ந்துதான் முடிவுசெய்வோம். பெரும்பாலும் வலி மாத்திரையில் தொடங்குவேன். மாற்று மருந்து கேட்டு அவரை டாக்டரிடமே திருப்பி அனுப்புவேன்.

அதற்குப் பிறகுதான் தளர்வுப் பயிற்சி. எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் புத்தகமாக எழுதிய முறை அது: தசையை ஒவ்வொன்றாக இறுக்கி, மெதுவாக விடுவது. டெய்லர்களுக்குத் தோளிலும் தாடையிலும்தான் இறுக்கம் அதிகம், அங்கேயே ஆரம்பிக்கிறேன். மெஷினில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

இந்த ஆலோசனைக் கலை மீது எனக்குப் பற்று உண்டு. ஆனால் அதன் பேரில் பொய் நம்பிக்கை தரமாட்டேன். 1988இல் ஒரு சிறு ஆய்வில், ஹிப்னாடிசச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்குத்தான் ஓராண்டில் முன்சிறுகுடல் புண் திரும்பியது. பெறாத எல்லோருக்கும் திரும்பிவிட்டது. நார்வேயில் நடந்து 1994இல் வெளிவந்த ஆய்விலோ குறுகிய கால உளச்சிகிச்சையால் புண் திரும்புவது தடைபடவில்லை. ஆகவே மருந்துக்கு ஈடாக ஆலோசனையை நான் ஒருபோதும் வைப்பதில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, மயக்கம் தட்டினாலோ, ஆலோசனை நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உடனே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.