ஏட்டுத் தமிழ் பேசிய அப்பா

அம்புலிமாமா சிறுவர் இதழில் வேதாளக் கதை மாதாமாதம் ஒரே மாதிரிதான் தொடங்கும். விக்கிரமன் மரத்தில் ஏறுவான், உடலை இறக்கித் தோளில் போட்டுக்கொள்வான், வேதாளம் வாயைத் திறக்கும். ராத்திரி அப்பா வாசித்துக் காட்டும்போது அந்த வரிகளை நானும் சேர்ந்து ஒப்பிப்பேன். அப்போது எனக்கு ‘அ’னா ‘ஆ’வன்னாகூடத் தெரியாது. ஓவியர் சங்கர் வரைந்த படத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே சொல்வதுதான் வாசிப்பு என்று நினைத்திருந்தேன்.

அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சாப்பாடு, மழை, கடன் எல்லாவற்றுக்கும் ஒற்றைச் சொல்தான். புத்தகத்தைப் பிரித்தால் ஆளே வேறு. ‘அரசே’ என்பார், ‘ஆயினும்’ என்பார். எங்கள் தெருவில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. தூக்கக் கலக்கத்தில் ‘சென்றான்’ என்பதைப் ‘போனான்’ என்று மாற்றிவிட்டால் விடமாட்டேன். “அப்படி இல்லப்பா” என்று திருப்பிச் சொல்ல வைப்பேன். பேச்சுத் தமிழும் ஏட்டுத் தமிழும் வெவ்வேறாகக் கிடக்கிற மொழி நம்முடையது. ஒன்றாம் வகுப்பில் பாடப்புத்தகத்தின் தமிழைக் கேட்டுப் பல பிள்ளைகள் மிரண்டார்கள். எனக்கு அது அப்பாவின் ராத்திரிக் குரல். குழந்தைக்கு வாசித்துக் காட்டி என்ன பயன் என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

அப்பா வெளியூர் போன நாட்களில் அப்பத்தா புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படத்தைப் பார்த்து அவளாக ஒரு கதை கட்டுவாள். “இவன் ஏன்டா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்?” என்று என்னையே கேட்பாள். அப்பாவிடம் நான் கேட்பவன்; அப்பத்தாவிடம் நான் சொல்பவன். கேள்வி கேட்டுக் குழந்தையைப் பேச வைத்துக்கொண்டே வாசித்தால் அதன் பேச்சு வளம் பெறும் என்று இன்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அப்பத்தாவுக்கு வேறு வழி இல்லாமல் வந்த முறை அது.

நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் புத்தக வண்டி எங்கள் ஊருக்கு வந்தபோது அப்பா சோவியத் கதைப்புத்தகம் ஒன்று வாங்கினார். மாஸ்கோவில் தமிழில் அச்சானது; வழவழப்பான தாள், சொற்ப விலை. அதில் பனியில் ஒரு சறுக்குவண்டி. அது எப்படி ஓடும் என்று கேட்டேன். “தெரியலடா, படத்தப் பாப்போம்” என்றார். இருவரும் குனிந்து சக்கரத்தைத் தேடினோம். அப்பாவும் நானும் ஒரே அளவுக்குத் தெரியாதவர்களாக இருந்தது அப்போதுதான்.

குழந்தை பிறந்ததிலிருந்தே வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2014இல் தன் உறுப்பினர்களுக்கு அறிவுறுத்தியதைப் பெங்களூரில் இருக்கும் மகள்தான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தயங்கினாள். “தமிழ் எனக்கே எழுத்துக் கூட்டித்தான்ப்பா வருது. பாப்பாவுக்கு எப்படி வாசிக்கிறது?”

கூட்டியே வாசி என்றேன். எழுத்தே தெரியாத அப்பத்தா புத்தகம் பிரித்த குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிவது அதிகப்படியான தகுதி.