பரண் மேல் ஒரு சிபாப்

குறட்டைன்னாலே எல்லாருக்கும் காமெடிதான். ஆனா பக்கத்தில் படுத்திருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. சத்தம் வரும்போது எரிச்சல், சத்தம் திடீர்னு நிக்கும்போதுதான் பயம்.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்குது. 10 விநாடியோ அதுக்கு மேலயோ மூச்சு நின்னா அது ஒரு ஆப்னியா. நிக்கிறதும் பாதியாக் குறையறதும் சேர்ந்து மணிக்கு 30 தடவையைத் தொட்டா கடுமையான வகை. 'டிஸ்கோ டான்ஸர்' இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் இறந்தப்போ, டாக்டர் சொன்ன காரணம் இந்த வியாதிதான்.

இதுக்கான மெஷின்தான் சிபாப். 1980ல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், காத்தை உள்ளே இழுக்காம வெளியே ஊதுற ஒரு மோட்டாரை வச்சு, நோயாளியின் மூக்கில் மாஸ்க்கைப் பசை போட்டு ஒட்டி(!) முதல் தடவை ஓட்டிப் பார்த்தார். அடுத்த வருஷம் லான்செட்டில் வந்தது. மருந்து எதுவும் கிடையாது, வெறும் காத்துதான். டம்ளர் தண்ணியில் ஸ்ட்ராவை 10 செ.மீ. ஆழத்துக்கு விட்டு ஊதினா குமிழி வர எவ்வளவு அழுத்தம் வேணுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. மூச்சுக்குழாய் மூடாம இருக்க அது போதும்.

சரி, இப்போ கே.கே. நகருக்கு வருவோம். ஒரு ரிட்டயர்டு அங்கிளை நினைச்சுக்குங்க. பையன் 40,000 ரூபாய் கிட்டப் போட்டு மெஷின் வாங்கித் தர்றான். முதல் வாரம் மூக்கு வறண்டு போகுது. ரெண்டாவது வாரம் மாஸ்க் ஓரத்தில் காத்து கசிஞ்சு கண்ணில் அடிக்குது. மூணாவது வாரம் பேத்தி "தாத்தா யானை மாதிரி இருக்கீங்க"ன்னு சிரிக்குது. நாலாவது வாரம் மெஷின் பரண் மேல! ஆன்ட்டி மறுபடியும் ராத்திரி முழிச்சிருந்து மூச்சை எண்ண ஆரம்பிக்கிறாங்க.

காமர்ஸ் மக்களே, கணக்குப்படி இது ஃபிக்ஸட் அசெட். பரண்ல கிடந்தாலும் டிப்ரிசியேஷன் ஓடும். ஆனா பலன் மட்டும் மாட்டின ராத்திரிக்கு மட்டும்தான், நேத்து மாட்டினது இன்னைக்கு உதவாது.

இத்தனைக்கும் அங்கிளோட பிரச்சினை எல்லாமே சில்லறை விஷயம். கசிவுக்கு மாஸ்க் சைஸ் மாத்தணும், இல்லைன்னா பட்டையைப் படுத்த நிலையில் சரி பண்ணணும். இறுக்கிக்கிட்டே போனா மூக்கில் புண்தான் வரும். முகத்தில் எண்ணெய் இருந்தா சிலிக்கான் வழுக்கும், அதனால தினமும் காலையில் மாஸ்க்கை லேசான சோப்பில் கழுவணும். குழாயும் தண்ணி டப்பாவும் வாரம் ஒரு தடவை. டெட்டால் வேண்டாம், ராத்திரி பூரா அந்த வாசனையைத்தான் சுவாசிக்கணும். மொட்டை மாடி வெயிலும் வேண்டாம், நிழலிலேயே காயட்டும்.

மூக்கு வறட்சிக்குத்தான் அந்தத் தண்ணி டப்பா. அதில் போர் தண்ணி ஊத்தினா கொஞ்ச நாளில் வெள்ளையாப் படியும். கேன் தண்ணியும் காய்ச்சி வடிச்ச தண்ணியும் ஒண்ணு இல்லைங்க. ஏ.சி. ரூம்ல குழாய்க்குள்ளேயே நீர் கோத்துக்கிட்டு 'களக் களக்'னு சத்தம் வரும். மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வச்சா அந்தத் தண்ணி மூக்குக்கு வராது.

ஃபில்டர்தான் எல்லாரும் மறக்கிறது. ஆற்காடு ரோடு தூசிக்கு மாசம் ஒரு தடவை எடுத்துப் பாருங்க, சாம்பல் நிறம் ஆயிருந்தா மாத்திடுங்க. மெல்லிசான வெள்ளை ஃபில்டரைக் கழுவிப் போடக் கூடாது.

செகண்ட் ஹாண்ட் வாங்குறவங்க ஒண்ணு கவனிங்க. உள்ளே இருக்கிற ஃபோம் சிதைஞ்சு காத்தோட வரலாம்னு 2021 ஜூனில் பிலிப்ஸ் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்ப அழைச்சது. விலை படியுறதுக்கு முன்னாடி மாடலையும் சீரியல் நம்பரையும் சரிபாருங்க.

கடைசியா கரண்ட் பயம். மெஷின் நின்னாலும் மாஸ்க்கில் காத்து போக ஓட்டை இருக்கு, வாயையும் மூடுற பெரிய மாஸ்க்கில் தனி வால்வே உண்டு, மூச்சு முட்டாது. இன்வெர்ட்டரில் ஓட்டும்போது தண்ணி சூடாக்குறதை அணைச்சிட்டா பேட்டரி ரொம்ப நேரம் தாங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நாள் கணக்கில் கரண்ட் போனா மட்டும், ஃபேனுக்கா மெஷினுக்கான்னு வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடக்கும். கொசு யார் பக்கம்னு சொல்லத் தேவையில்லை.