உசிலம்பட்டியில் பார்க்க என்ன இருக்கிறது?

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது உசிலம்பட்டி. நான் நேராக அங்கே போகவில்லை. வழியில் நாகமலை புதுக்கோட்டையில் இறங்கி, பக்கத்தில் இருக்கும் கீழக்குயில்குடிக்குப் போனேன். வெளியூர்க் கூட்டம் வந்தால் ஒரு கிராமம் எப்படி மாறும் என்று பார்க்க, இந்தப் பக்கத்தில் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

சமணமலை அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். மேலே செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றுக்குக் கீழே ஆயிரம் வருடங்களுக்கு முந்தைய வட்டெழுத்துகள். நான் போன காலையில் ஆலமரத்தடியில் கல்யாண ஆல்பம் ஷூட்டிங். பொங்கல் வைக்க வந்த ஓர் அம்மா, கையில் பானையோடு ஓரமாக நின்றார். ‘ஷாட்’ முடிய அரைமணி நேரம் ஆனது. அவருடைய கோயில், ஆனால், காத்திருந்தது அவர்தான்.

அதற்காக வெளியாட்களே வரக் கூடாது என்று சொல்ல மாட்டேன். 2010-ல் ஒத்தக்கடை யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கும் யோசனை வந்தபோது ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சமயத்தில் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய ‘பசுமைநடை’, மதுரையின் குன்றுகளுக்கு ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிப்போயிருக்கிறது. பார்க்க வந்தவர்களும் மலைக்குக் காவலானார்கள்.

மறுபடி பஸ். செக்கானூரணி, கருமாத்தூர் தாண்டியதும் மேற்கே மலைகள் நெருங்கிவருகின்றன. சாலையோரம் மல்லிகைத் தோட்டங்கள். உசிலம்பட்டியில் டீ குடித்தபடி, “இங்கே பார்க்க என்னங்கய்யா இருக்கு?” என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். “பார்க்கவா? சிவராத்திரிக்கு வாங்க தம்பி” என்றார்.

மகா சிவராத்திரிக்கு இங்கிருந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்கு சாமி பெட்டிகளைச் சுமந்துகொண்டு நடந்தே போகிறார்கள். எந்த ஊரில் பிழைத்தாலும் குலதெய்வத்தைக் கும்பிட அன்றைக்கு வந்துவிடுகிறார்கள். விளம்பரம் இல்லாமலே கூடும் கூட்டம் அது.

மரபு என்றாலே எல்லாம் அழகு என்றும் இல்லை. இதே பாப்பாபட்டியில் பட்டியலினத்தவருக்கான ஊராட்சித் தலைவர் பதவிக்கு 10 வருடங்கள் ஒழுங்காகத் தேர்தல் நடக்கவில்லை, 2006-ல்தான் நடந்தது. வருபவர்களுக்கு அதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். அவர்களுக்கு இங்கே நினைவுத்தூண் உண்டு. ‘கடைசி விவசாயி’ படத்தில் நடித்த நல்லாண்டி தாத்தாவும் இந்த ஊர்க்காரர்தான். 2022-ல் வந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இப்படி ஒரு கிராமமா!’ என்று தேடி வருகிறவர்கள் இருக்கலாம்.

ஆனால், அந்தப் பசுமை தானாக நிற்பதில்லை. மழை பொய்த்தால் கண்மாய் காய்ந்துவிடும். வைகை அணைத் தண்ணீரை இங்கே கொண்டுவர வெட்டிய 58 கிராமக் கால்வாய்க்காக இந்த மக்கள் பல வருடங்கள் போராடினார்கள். 2018-ல்தான் சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தது. இப்போதும் அணை நிறையும் வருடங்களில்தான் திறப்பு. விவசாயி நிலத்தை பிளாட் போட்டு விற்றுவிட்டால், ரிசார்ட் ஜன்னலிலிருந்து எதைப் பார்ப்பது?

என்னைக் கேட்டால், இங்கே ரிசார்ட் வேண்டாம். எந்தக் கோயிலில் கேமரா கூடும், கூடாது என்று அந்தந்த ஊர் கிராமசபை முடிவு செய்யட்டும். ஊர்ப்பிள்ளைகளே வழிகாட்டிகளாக வரட்டும். வண்டி நிறுத்தக் கட்டணம் கண்மாய் பராமரிப்புக்குப் போகட்டும்.

திரும்பும்போது அதே டீக்கடையில் அந்தப் பெரியவர் இருந்தார். “சிவராத்திரிக்கு வந்தா பெட்டியை போட்டோ எடுக்கலாமாங்கய்யா?”

கொஞ்சம் யோசித்தார். “அதைக் கோயில்ல வந்து கேளுங்க. மொதல்ல எங்ககூட நடந்து வாங்க. செருப்பு போடாம!”