கடிதம் எழுதியவள்

கபோ சந்தையின் மீன்கடைகளைத் தாண்டி, போர்த்தா கரீனிப் பக்கம் ஒரு மாடிவீட்டில் பதினெட்டு வருடங்களாக இருக்கிறேன். செப்டெம்பர் 4 வந்தால் எங்கள் சனம் சாந்தா ரொசாலியாவைக் கும்பிட பெலெக்ரீனோ மலை ஏறும். சைவம், வேதம் என்ற பேதமில்லை. மலையடியில் பரந்து கிடக்கும் ஃபவோரீத்தா பூங்காவும் ஓர் அகதிக் குடும்பம் விட்டுப்போனதுதான். பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி, 1798 டிசெம்பரில் நாப்போலியிலிருந்து கப்பலேறி பலெர்மோ வந்தார்கள் அரசன் பெர்டினாண்டும் அரசி மரியா கரோலினாவும். வழியில், நத்தார் நாளில், அவர்களின் ஆறு வயது மகன் கப்பலிலேயே இறந்துபோனான்.

அந்த அரசியைப் பற்றி வாசிக்கப்போய்த்தான் ஆர்ம்ஃபெல்ட்டைத் தெரியவந்தது. அவள் அகதியாவதற்கு நான்கு வருடங்களுக்கு முன் இன்னோர் அகதி தப்ப உதவியிருந்தாள். அவன்தான் குஸ்தாவ் மௌரிட்ஸ் ஆர்ம்ஃபெல்ட்.

1757இல், அப்போது சுவீடனோடு இருந்த பின்லாந்தில் பிறந்த பிரபு. படைவீரன், மன்னர் மூன்றாம் குஸ்தாவின் நெருங்கிய நண்பன். ரஷ்யாவோடு போரிட்டவனே 1790இல் அந்நாட்டோடு சமாதான உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டான். 1792இல் முகமூடி நடனவிருந்தொன்றில் மன்னர் சுடப்பட்டு இறந்தார். ஆட்சி கைமாறியதும் ஆர்ம்ஃபெல்ட்டைத் தூதுவனாக்கி நாப்போலிக்கு அனுப்பினார்கள். பதவி என்ற பெயரில் ஒரு நாடுகடத்தல். அங்கிருந்தபடி அவன் ரஷ்யப் பேரரசியின் உதவியோடு ஆட்சியை மாற்றத் திட்டமிட்டான். கடிதங்கள் பிடிபட்டன. அவனைப் பிடிக்க சுவீடன் கப்பல் வந்தபோது, அரசியின் உதவியால் தப்பி ரஷ்யா போய்ச் சேர்ந்தான். ஊரில் அவனுக்கு மரண தண்டனை. ஆள் இல்லாமலே தீர்ப்பு.

ஆனால் ஓர் ஆள் இருந்தாள். அரண்மனைப் பணிப்பெண் மக்டலேனா ரூடன்ஷோல்ட், அவனுடைய காதலி. அவனோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவள். 1794 செப்டெம்பரில், 28 வயதில், ஸ்டொக்ஹோம் சதுக்கத்தில் சனத்தின் முன்னால் குற்றவாளியாக அவளை மேடையேற்றி நிறுத்தினார்கள். பிறகு, பெண்களை அடைத்து நூல் நூற்க வைக்கும் சிறை. 1796இல்தான் விடுதலை.

ஆர்ம்ஃபெல்ட்டுக்கு 1799இல் மன்னிப்புக் கிடைத்தது. பின்னாளில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆலோசகனாகி, பின்லாந்தின் தன்னாட்சிக்கு உழைத்து, 1814இல் மதிப்போடு இறந்தான். அவன் வரலாற்றில் அவள் ஒரு பந்தி.

எங்கள் வீட்டிலும் ஒரு தப்பியவர் கதை இருக்கிறது. எண்பதுகளில் மாமா நாட்டை விட்டுப் போனார். அவர் எழுதிய கடிதமொன்று வீட்டில் அகப்பட்டதால் பெரியம்மாவை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து வந்தார். வந்ததும் மிச்சக் கடிதங்களை அடுப்பில் போட்டாராம். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பெரியம்மாவுக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. மாமா எந்தெந்த எல்லைகளை எப்படிக் கடந்தார் என்று எங்கள் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். அந்த மூன்று நாளைப் பற்றி அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை.